ஹோம்ஸ்கூல் பிள்ளைய ஒன்பது, பத்தாவது அளவு படிப்புக்குத் தயார் பண்றது: உண்மையில என்ன மாறுது?

பிள்ளைக்கு பதினொன்னு பன்னெண்டு வயசு ஆனதும் ஹோம்ஸ்கூலிங் பண்ற வீடுகள்ல ஒரு பதட்டம் வந்துடும். அதுவரைக்கும் தோட்டம், சமையல், கதைப் புத்தகம், பயணம், ஏதோ ஒரு கைவேலைன்னு நல்லா ஓடிட்டிருந்த படிப்பு திடீர்னு பத்தாத மாதிரி தோணும், சொந்தக்காரங்க வேற "அப்போ பத்தாவது எப்படி எழுதுவான்?"னு ஒவ்வொரு விசேஷத்துலயும் கேக்க ஆரம்பிச்சுடுவாங்க. உடனே பெரும்பாலானவங்க பண்றது ரெண்டு விஷயம். ஒன்பதாவது புத்தகத்த ஒரு வருஷம் முன்னாடியே வாங்கி ஆரம்பிச்சுடுவாங்க, இல்லன்னா எந்த போர்டுன்னு ராத்திரியெல்லாம் உக்காந்து தேடுவாங்க. ரெண்டும் செய்ய வேண்டியதுதான், ஆனா ரெண்டுமே முதல் வேலை இல்லங்கறது என்னோட உறுதியான அபிப்பிராயம்.

வீட்டுல படிக்கற பிள்ளை இத்தனை வருஷமா தனக்குத் தெரிஞ்சத யாருகிட்ட சொல்லிப் பழகியிருக்கு? அம்மாகிட்ட, அப்பாகிட்ட, தாத்தாகிட்ட. அதுவும் வாயால. நாம அது சொல்ற அரை வாக்கியத்துலயே மீதிய புரிஞ்சுக்குவோம், ஏன்னா நேத்து அந்தப் புத்தகத்த கூட உக்காந்து படிச்சதே நாமதான். ஒன்பது பத்தாவது அளவுக்கு வந்ததும் நிலைமை அப்படியே மாறிடுது. பிள்ளையோட பேரு கூடத் தெரியாத ஒருத்தர் கையில ஒரு விடைத்தாள் போகும், அந்தத் தாள்ல எழுதியிருக்கறது மட்டும்தான் அவருக்குப் பிள்ளை. அதனால தெரிஞ்சத முன்பின் தெரியாத ஒருத்தருக்குப் புரியுற மாதிரி எழுதிக் காட்டற பழக்கம்தான் இந்த வயசுல வரவேண்டிய பெரிய மாற்றம். பாடம் கஷ்டமாகறது அதுக்கு அடுத்துதான்.

இதுக்கு எத்தனை வருஷம் கையில இருக்குன்னு தெரிஞ்சுக்க சட்டமும் வயசுக் கணக்கும் கொஞ்சம் பாக்கணும். 2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1-லேர்ந்து அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6-லேர்ந்து 14 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களப் பத்தினது. அதுல ஹோம்ஸ்கூலிங் கூடும் கூடாதுன்னு நேரடியா ஒரு வரி கிடையாது. இது சம்பந்தமா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன வழக்குல மத்திய அரசு 2012-ல் குடுத்த பதில் மனுவுல, தானா விரும்பி வீட்டுல படிக்க வைக்கற பெற்றோருக்கு இந்தச் சட்டம் குறுக்க நிக்காதுன்னு சொல்லிச்சு. அதனால 14 வரைக்கும் வீட்டுல என்ன, எப்படி சொல்லிக்குடுக்கறதுங்கறது நம்ம கையிலதான் இருக்கு. 14-ல தான் முறையான பத்தாவது சான்றிதழுக்கான கதவு திறக்குது, அதனால பன்னெண்டுலேர்ந்து பதினாலு வரைக்கும் உள்ள ரெண்டு வருஷத்த நான் ரொம்ப முக்கியமா பாக்கறேன்.

தமிழ்நாட்டுல இருக்கற குடும்பங்களுக்கு முக்கியமா மூணு நாலு வழி இருக்கு. அதிகம் பேர் போறது என்ஐஓஎஸ், அதாவது தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1989-ல் தொடங்கினது, மத்திய கல்வி அமைச்சகத்துக்குக் கீழ வர்ற தன்னாட்சி அமைப்பு. பத்தாவதுக்குச் சேர குறைந்தபட்ச வயசு 14. எட்டாவது சான்றிதழ் இல்லாட்டியும் இந்த அளவு படிப்பத் தொடர முடியும்னு சுய உறுதிமொழி குடுத்துச் சேரலாம், ஸ்கூலே போகாத பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. அஞ்சு பாடம் பாஸ் பண்ணணும், அதுல ஒரு மொழியாவது இருக்கணும். ஒருதடவ பதிவு பண்ணா அஞ்சு வருஷம் செல்லும், அதுக்குள்ள ஒன்பது வாய்ப்பு. பொதுத் தேர்வு வருஷத்துக்கு ரெண்டு தடவ, ஏப்ரல்-மே ஒன்னு, அக்டோபர்-நவம்பர் ஒன்னு. அஞ்சையும் ஒரே மூச்சுல எழுதணும்னு இல்ல, இப்போ ரெண்டு அடுத்த தடவ மூணுன்னு பிரிச்சுக்கலாம். கணக்கு, அறிவியல் மட்டும்தான்னு இல்லாம ஹோம் சயின்ஸ், ஓவியம், உளவியல், டேட்டா என்ட்ரி மாதிரி பாடமும் எடுக்கலாம்.

ரெண்டாவது வழி நம்ம மாநில பாடத்திட்டத்துலயே தனித்தேர்வரா, அதாவது எந்த ஸ்கூல்லயும் சேராம நேரடியா எழுதறது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தற எட்டாம் வகுப்பு தனித்தேர்வ முதல்ல எழுதி பாஸ் பண்ணணும், அதுக்கு பன்னெண்டரை வயசு ஆகியிருக்கணும். அப்புறம் பதினாலரை வயசுல பத்தாவது. செலவு ரொம்ப கம்மி, பாடநூல் எல்லாம் இலவசமா இறக்கிக்கலாம், ப்ளஸ் ஒன்னுக்கு மாநில பள்ளியிலயே சேரணும்னா இதுவிட நேர் வழி கிடையாது. மூணாவது ஐஜிசிஎஸ்இ, கேம்பிரிட்ஜ், எடெக்ஸெல்ங்கற பிரிட்டிஷ் தேர்வு அமைப்புகள் நடத்தற பத்தாவது அளவுத் தேர்வு. ரெண்டுல எதுவானாலும், தனித்தேர்வர்களச் சேத்துக்கற மையம் எங்க இருக்குன்னு தேடிப் பிடிக்கணும், கட்டணமும் அதிகம். வெளிநாட்டுல படிக்கற எண்ணம் இருக்கற குடும்பங்க இதத்தான் எடுக்கறாங்க. நாலாவது ஸ்கூலுக்கே திரும்பிப் போறது, அதுல ஒன்னு மட்டும் முன்னாடியே தெரிஞ்சுக்கணும். சிபிஎஸ்இ-ல பொதுவா முதல்தடவையே தனித்தேர்வரா பத்தாவது எழுத முடியாது, ஒன்பதாவதுலயே ஸ்கூல் மூலமா பதிவு ஆகணும். அந்த போர்டுதான் வேணும்னு நினைச்சா முடிவு எடுக்கற நேரம் பதினஞ்சு வயசு இல்ல, பதிமூணு.

எந்த வழியில போனாலும் தாள்ல எழுதிக் காட்டணுங்கறது மாறாது. முதல்ல கணக்க எடுத்துக்கறேன், ஏன்னா அதிகமா அடி விழறது அங்கதான்.

வீட்டுல வளர்ற நிறைய பிள்ளைங்களுக்கு மனக்கணக்கு அபாரமா வரும். கடைக்குப் போய் சில்லறை வாங்கி, மாவு அளந்து, மரத்துண்டு அறுத்து எண்ணோட நல்லா பழகியிருக்கும். "ஒரு எண்ணோட மூணைக் கூட்டி, வந்தத ரெண்டால பெருக்கினா பதினாலு. அந்த எண் என்ன?"ன்னு கேட்டா அடுத்த நொடி "நாலு"ன்னு வரும். எப்படின்னா, "பாதி ஏழு, ஏழுல மூணு போனா நாலு." சரியான விடை, சரியான யோசனை. ஆனா தாள்ல வெறும் 4-னு மட்டும் இருக்கும். ஒரு மார்க் கேள்வின்னா போதும், அஞ்சு மார்க் கேள்வின்னா போதாது. இங்க நாம கவனிக்க வேண்டியது, பிள்ளை வாயால சொன்னதே படிகள்தான். எக்ஸ் + 3 = 7, எக்ஸ் = 4, அவ்வளவுதான். புதுசா ஒன்னும் கத்துக்குடுக்க வேண்டாம், சொன்னத சொன்ன வரிசையில எழுதச் சொன்னா போதும். அப்புறம் 5எக்ஸ் − 7 = 2எக்ஸ் + 11 மாதிரி ரெண்டு பக்கமும் தெரியாத எண் இருக்கற கணக்கக் குடுங்க. மனசுல மட்டும் வச்சுப் போட முயற்சி பண்ணி அது தடுமாறும், எழுதினா மூணே வரியில 6-னு வந்துடும். ஏன் எழுதணும்னு அப்போ நீங்க சொல்லவே தேவையில்ல, அதுக்கே தெரிஞ்சுடும்.

அதுக்கும் கீழ ஒரு அடித்தளம் இருக்கு, பின்னம். ஒன்பதாவது இயற்கணிதத்துல திணறற பிள்ளைங்கள்ல நிறைய பேரு உண்மையில திணறறது ஆறாவது ஏழாவது பின்னத்துலதான். முக்காலையும் ஆறுல அஞ்சையும், அதாவது 3/4-ஐயும் 5/6-ஐயும் கூட்டச் சொன்னா சில பிள்ளை மேலயும் கீழயும் தனித்தனியா கூட்டி 8/10-னு எழுதிடும். அதுகிட்ட "முக்காலே ஒன்னுக்கு கால்தான் குறைவு, இன்னொன்னு முக்கால விடப் பெருசு, ரெண்டும் சேந்து ஒன்னுக்குக் கம்மியா எப்படி வரும்?"னு கேளுங்க, தானா முழிச்சுக்கும். 9/12-ம் 10/12-ம் சேந்து 19/12-னு ஏன் வருதுன்னு கைவிரல்ல இருக்கற மாதிரி வந்துட்டா, நாளைக்கு கீழ எக்ஸ், ஒய்னு எழுத்து வந்தாலும் அதே வேலைதான். வராம விட்டா எழுத்து வந்ததும் அதே தப்பு அப்படியே தொடரும். அதனால பதிமூணு வயசுல ஒன்பதாவது புத்தகத்தத் திறக்கறதுக்கு முன்னாடி பின்னம், குறை எண், விகிதம், சதவீதம் நாலையும் மறுபடி ஒரு சுத்து போகச் சொல்றேன், எழுதி, படி போட்டு. மூணு நாலு மாசம் போனாலும் அது வீணே இல்ல.

மாநில பத்தாவது கணக்குத் தாள் எப்படி இருக்குன்னு பாத்தா இது இன்னும் புரியும். 100 மார்க்குல ஒரு மார்க் கேள்வி 14 தான். ரெண்டு மார்க்குல பத்து, அஞ்சு மார்க்குல பத்து, அப்புறம் எட்டு மார்க்குல ரெண்டு, ஒன்னு வடிவியல், ஒன்னு வரைபடம். அந்த 50 மார்க்கு அஞ்சு மார்க் கேள்வி முழுக்க படி படியா எழுதறது. எட்டு மார்க் வடிவியல் ஒத்த முக்கோணமோ வட்டத்துக்குத் தொடுகோடோ, காம்பஸ் ஸ்கேல் வச்சு உதவிப்படம் போட்டு, வரைமுறைய எழுதி முடிக்கணும். காம்பஸ் ஊசி நழுவாம ஒரு வில் போடறதுக்கே கைப்பழக்கம் வேணும், டேப்லெட்ல வடிவியல் படிச்ச பிள்ளைக்கு அது வராது. பன்னெண்டு வயசுலேர்ந்து வாரம் ஒருநாள் சும்மா கோலம் மாதிரி டிசைன் போடவாச்சும் காம்பஸ கையில குடுங்க.

அடுத்தது மொழி. பேசறதுல வீட்டுப் பிள்ளைங்கள மிஞ்ச முடியாது, பெரியவங்களோடயே வளர்றதால நல்லா விவாதம் பண்ணும். அத எழுதச் சொன்னா ரெண்டு வரியில முடிஞ்சுடும். மண்பானைத் தண்ணி ஏன் சில்லுனு இருக்குன்னு கேட்டுப் பாருங்க. "பானை வேர்க்குது இல்லம்மா, அதான்"னு சொல்லும். சரிதான், விஷயம் தெரிஞ்சிருக்கு. ஆனா தாள்ல வரவேண்டியது இது: பானையின் நுண்துளைகள் வழியாகக் கசியும் நீர் மேற்பரப்பில் ஆவியாகிறது, ஆவியாகத் தேவையான வெப்பத்தைப் பானையிலிருந்தும் உள்ளே உள்ள நீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது, அதனால் உள்ளே உள்ள நீர் குளிர்கிறது. வேர்க்குதுங்கறதுக்கும் சில்லுன்னு ஆகுதுங்கறதுக்கும் நடுவுல வெப்பம் எங்கேர்ந்து எங்க போச்சுங்கற கண்ணி ஒன்னு விட்டுப்போச்சு பாருங்க, அந்தக் கண்ணிக்குத்தான் மார்க்கு. நாம எதிர்ல உக்காந்திருந்தா "அப்புறம்?"னு ஒரு கேள்வி கேட்டு அத வரவழைச்சிருப்போம், தேர்வுக்கூடத்துல "அப்புறம்?"னு கேக்க ஆள் இல்ல. அந்தக் கேள்விய பிள்ளை தன்கிட்ட தானே கேட்டுக்கப் பழகணும்.

கேள்வியோட வினைச்சொல்லப் பாக்கற பழக்கமும் ஸ்கூல் பிள்ளைங்களுக்கு தானா வந்துடும், நம்ம பிள்ளைங்களுக்கு சொல்லித்தான் குடுக்கணும். வரையறு, வேறுபடுத்து, காரணம் கூறு, விளக்குக, இது ஒவ்வொன்னும் வேற வேற பதில் கேக்குது. காரணம் கேட்ட இடத்துல வரையறை எழுதினா எவ்வளவு அழகா எழுதினாலும் பிரயோஜனம் இல்ல. பழைய வினாத்தாள்ல ஒன்ன எடுத்து, பதிலே எழுதாம, ஒவ்வொரு கேள்வியும் என்ன கேக்குது, எத்தனை வரி எதிர்பாக்குதுன்னு மட்டும் பேசிப் பாருங்க, நல்ல பயிற்சி அது.

தமிழப் பத்தி தனியா ஒரு வார்த்தை. ஹோம்ஸ்கூலிங் வீடுகள்ல நிறைய இங்கிலீஷ் புத்தகமாதான் இருக்கு, பிள்ளை தமிழ்ல நல்லா பேசும், தமிழ்ல ஒரு பக்கம் தொடர்ந்து படிக்கச் சொன்னா மூச்சு வாங்கும். மாநில பாடத்துல தமிழ் ஒரு முழுத் தாள். என்ஐஓஎஸ்-லயும் தமிழ மொழிப்பாடமா எடுக்கலாம், அத எடுக்கணும்னு நான் மனசார ஆசைப்படறேன், மார்க்குக்காக மட்டும் இல்ல, வீட்டுல பேசற மொழியில ஒரு கடிதம் கூட எழுதத் தெரியாம ஒரு பிள்ளை பதினாறு வயச எட்டறது எனக்குத் தாங்கல. பேச்சுத் தமிழ்லேர்ந்து எழுத்துத் தமிழுக்குப் போறது ஒரு ராத்திரியில நடக்காது. தினம் அரைப்பக்கம் நாளிதழ் சத்தம் போட்டுப் படிக்கறது, வாரம் ஒருதடவ பாத்ததையோ செஞ்சதையோ ஒரு பக்கம் எழுதறது, இந்த ரெண்டும் ரெண்டு வருஷம் தொடர்ந்தா சந்திப்பிழை, ண-ன குழப்பம் பாதி தானா போயிடும்.

அறிவியல்ல ஆர்வம் பிரச்சனையே இல்ல, வீட்டுல சோதனை செஞ்சு பாத்த பிள்ளைங்க ஸ்கூல் பிள்ளைங்கள விட முன்னாடி இருக்கும். பதிவுதான் பிரச்சனை. நோக்கம், பொருள்கள், செய்முறை, காணல், முடிவுன்னு எழுதற முறைய வீட்டுச் சோதனையிலேர்ந்தே ஆரம்பிச்சுடலாம், எலுமிச்சை சாறையும் சோப்புத் தண்ணியையும் மஞ்சத்தூள்ல விட்டுப் பாத்தா கூட. மாநில பத்தாவதுல அறிவியல் 75 எழுத்து, 25 செய்முறை. தனித்தேர்வர்கள் செய்முறைப் பயிற்சிக்கு ஒரு பள்ளியில முன்கூட்டியே பதிவு பண்ணி வகுப்புக்குப் போகணும், இதுக்குத் தனியா அறிவிப்பு வரும், தவறவிட்டா தேர்வு தள்ளிப்போயிடும். என்ஐஓஎஸ் அறிவியல்லயும் செய்முறை உண்டு. ஐஜிசிஎஸ்இ-ல லேப் வசதி இல்லாதவங்களுக்கு செய்முறைக்குப் பதிலா எழுத்துத் தாள் ஒன்னு இருக்கு, ஆனா லேப்ல கையால செஞ்ச அனுபவம் கொஞ்சமாச்சும் இல்லாம அதுக்கு பதில் எழுதறது சிரமம். சமூக அறிவியலுக்கு வரைபடத்துல ஊர் குறிக்கறதும் காலவரிசையும் பழகினா பெரும்பகுதி முடிஞ்சது.

யார் திருத்தறதுங்கறத நிறைய பேரு யோசிக்கறதில்ல. அம்மாவே சொல்லிக்குடுத்து அம்மாவே திருத்தினா, எழுதாம விட்டத அம்மா மனசுல நிரப்பிக்கிட்டு மார்க் போட்டுடுவாங்க. அன்பினால நடக்கறதுதான், ஆனா பிள்ளைக்கு உதவாது. அதனால ரெண்டு ஹோம்ஸ்கூல் குடும்பங்க தாள மாத்தித் திருத்திக்கறது ரொம்ப நல்ல ஏற்பாடு. ரிட்டயர் ஆன வாத்தியார் தெருவுல ஒருத்தராவது இருப்பாங்க, மாசத்துக்கு ஒரு தாள் திருத்திக் குடுங்க ஐயான்னு கேட்டா சந்தோஷமா செய்வாங்க. "இந்த வரி எனக்குப் புரியலப்பா"ன்னு அவங்க சொல்றதுல பிள்ளை கத்துக்கறது நாம பத்து தடவ "விளக்கமா எழுது"ன்னு சொன்னாலும் வராது. என்ஐஓஎஸ்-ல டிஎம்ஏன்னு ஒரு அசைன்மென்ட் உண்டு, பாடத்துக்கு 20 சதவீத மார்க் அதுக்குப் போகுது, கையால எழுதிக் குடுக்கணும். சில பேரு அத கடைசி நேரத்துல காப்பி அடிச்சு அனுப்பறாங்க. வேண்டாம், முன்பின் தெரியாத ஒருத்தருக்கு எழுதற முதல் வாய்ப்பே அதுதான், அத நிதானமா பிள்ளையே யோசிச்சு எழுதட்டும்.

கையெழுத்தும் மூணு மணி நேரம் உக்கார்றதும் உடம்பு சம்பந்தப்பட்டது. இருபது நிமிஷம் எழுதினா விரல் வலிக்குதுங்கற பிள்ளைய தேர்வு மாசத்துல உக்கார வச்சா அழுகைதான் வரும். பன்னெண்டுல அரைமணி, பதிமூணுல ஒரு மணி, பதினாலுல முழுத்தாள்னு மெதுவா ஏத்துங்க.

இதெல்லாம் சொன்னதுக்காக காலையில எட்டுலேர்ந்து நாலு வரைக்கும் வீட்டையே ஸ்கூலா மாத்திடாதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன். நீங்க ஸ்கூல வேண்டாம்னு முடிவு பண்ண காரணம் இன்னும் அப்படியேதான் இருக்கு. வயலின் வாசிக்கற பிள்ளை வயலின் வாசிக்கட்டும், நாள் பூரா மாட்டுக் கொட்டாய்ல கிடக்கற பிள்ளை கிடக்கட்டும். பன்னெண்டு வயசுல ஒரே ஒரு பாடத்த மட்டும் பாடநூல் வச்சு, பிள்ளையே தானா படிச்சு, கேள்விக்கு எழுதி, விடைய சரிபாத்து முடிக்கறதுன்னு ஆரம்பிச்சா போதும். அதுக்கு என்ஐஓஎஸ் புத்தகம் ரொம்ப தோதானது, வாத்தியார் இல்லாம படிக்கறதுக்குன்னே எழுதினது, பாடத்துக்கு நடுநடுவுல கேள்வி இருக்கும், கடைசியில அதுக்கு விடையும் இருக்கும், நெட்லயே இலவசமா கிடைக்குது. எந்த போர்டு எழுதினாலும் பயிற்சிக்கு எடுத்துக்கலாம். அடுத்த வருஷம் ரெண்டு மூணு பாடம். எந்த நாள் எந்தப் பாடம்னு அட்டவணை போடறதையும் பிள்ளைகிட்டயே விட்டுடுங்க, முதல் ரெண்டு மாசம் சொதப்பும், பரவாயில்ல, சொதப்பறதுக்கு இப்போதான் நேரம் இருக்கு.

காகித வேலைய கடைசிக்கு விடாதீங்க. பிறப்புச் சான்றிதழ், ஆதார் ரெண்டுலயும் பேரு, இனிஷியல், பிறந்த தேதி ஒரே மாதிரி இருக்கான்னு பதிமூணு வயசுலயே பாத்துத் திருத்திடணும், பத்தாவது சான்றிதழ்ல ஏறினது வாழ்நாள் பூரா கூட வரும். டிஸ்லெக்ஸியா மாதிரி கற்றல் சிரமம் இருந்தா கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் மாதிரி சலுகைகள் என்ஐஓஎஸ்-லயும் உண்டு மாநில தேர்வுலயும் உண்டு, ஆனா உரிய மருத்துவச் சான்றிதழோட தேர்வுக்கு ரொம்ப முன்னாடியே விண்ணப்பிக்கணும். ஐஜிசிஎஸ்இ போறவங்க இங்க ப்ளஸ் ஒன் சேரப்போறதா இருந்தா எத்தனை பாடம், எந்த கிரேடு இருந்தா பத்தாவதுக்குச் சமம்னு எடுத்துக்குவாங்கன்னு பாடம் தேர்வு பண்றதுக்கு முன்னாடியே விசாரிச்சுக்கணும். அதே மாதிரி என்ஐஓஎஸ்-ல கணக்கும் அறிவியலும் எடுக்காம பத்தாவது முடிக்கலாம்தான், ஆனா ப்ளஸ் ஒன்ல சயின்ஸ் குரூப் வேணும்னா பள்ளிகள் அந்த ரெண்டு மார்க்கையும்தான் முதல்ல பாக்கும். பிள்ளைக்கு டாக்டர், இன்ஜினியர் ஆசை இப்போ இல்லாட்டியும், அந்த ரெண்டையும் ஒன்பது வாய்ப்புல ஏதோ ஒன்னுல எழுதி வச்சுடறது நல்லது.